உங்கட ஊர்

என் கணவர் "ஊருக்குப் போட்டு வாறன்" என்று சொல்லி வெளிக்கிட்டால் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடுவார். கையில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பாணும், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு வாங்கிய மருந்தும் இருக்கும். சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், அந்தச் சொல்லை அவர் மாற்றவே இல்லை. ஒருமுறை லண்டனின் மறுமூலையில், ரெய்னர்ஸ் லேனிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசி எடுத்தபோது என் மகள், அப்போது சின்னப் பிள்ளை, "அப்பா ஊருக்குப் போட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகென்ன, ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிற சொந்தமெல்லாம் மாறி மாறி எடுக்கத் தொடங்கியது. எப்போது டிக்கெட் போட்டவர், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை, மன்னாரில் யாருக்கு என்ன நடந்தது என்று ஒரே கேள்வி. ஒருத்தி யார் செத்தது என்று தெரியாமலே அழத் தொடங்கிவிட்டாள். இவரோ பாணோடு வாசலில் நிற்கிறார்.

அவர் சொன்ன ஊர் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மோர்டனில் சுரங்க ரயில் ஓடி முடிகிற இடத்தில் இறங்கி பஸ் எடுத்தால், இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக வந்துகொண்டே இருக்கும். பிறகு வீதி ஓரிடத்தில் வளையும். அங்கே ஒரு குளம், குளக்கரையில் ஒரு மதுக்கடை, ஒரு பழைய கல்லுக் கோயில், அதைச் சுற்றிச் சாய்ந்தும் சரிந்தும் கல்லறைகள், ஒரு மண்டபம், சில கடைகள். குளம் என்று சொல்கிறேனே தவிர, எங்கள் பக்கத்துக் குளங்களைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு மாடு குளிப்பாட்டவும் காணாது, அவ்வளவு சின்னது. கவுன்சில்காரருக்கு இதெல்லாம் லண்டன். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர் இன்றைக்கும் அதை 'வில்லேஜ்' என்றுதான் சொல்கிறார்கள். பால் வாங்கப் போனாலும் வில்லேஜுக்குப் போகிறோம் என்பார்கள். இவர் அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்.

"கடையடிக்குப் போறன் எண்டு சொல்லுங்கோவன்," என்பேன்.

"அவையள் ஊர் எண்டினம். நான் என்னத்துக்கு அதை மாத்துவான்?" என்பார்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள் நாங்கள். அங்கே தமிழ் முகம் பார்க்காமல் காய்ந்துபோயிருந்த எனக்கு, ஃபாரஸ்ட் கேட்டிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு வீடு எடுத்தால் போதும், காலையில் கதவைத் திறந்தால் முருங்கைக்காய் வாங்கலாம், சண்டை பிடிக்கவும் ஆள் இருக்கும் என்று ஒரு கனவு. இவர் போய் அந்த ஊர் மண்டபத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மண்டபத்தைத் திறப்பது, கதிரை அடுக்குவது, ஹீட்டர் போடுவது, கூட்டம் முடிந்ததும் கூட்டிப் பூட்டுவது. வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று என்னையும் அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டார். நான் மோர்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கறிவேப்பிலைக்கும் பஸ் எடுத்துப் போகவேண்டிய சீவியம்.

அந்த மண்டபத்தில்தான் ஊரே நடந்தது. காலையில் குழந்தைகளின் விளையாட்டு வகுப்பு, மத்தியானம் வயதானவர்களுக்குச் சாப்பாடு, பின்னேரம் நடனம், செத்தவீட்டுத் தேநீர், கலியாண விருந்து. மாதத்தில் ஒருநாள் ஊர் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று கூடும். பூட்டுவதற்காகக் காத்திருக்கிற இவர் கடைசி வரிசையில் இருந்து எல்லாப் பேச்சையும் கேட்பார். கேட்டுவிட்டு வந்து, கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிற எனக்கு முழுவதையும் ஒப்பிப்பார். எங்கள் வீடு நிற்கிற இடத்தில் ஒருகாலம் லாவெண்டர் தோட்டமாம். ஆற்றங்கரையில் மாவரைக்கிற ஆலைகளாம். குளம் வெட்டியது வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிக்கவாம். சுரங்க ரயில் வந்ததோடு லண்டன் சனம் வந்து வயலையெல்லாம் வீடாக்கிவிட்டதாம்.

"இதுகளைத் தெரிஞ்சு எனக்கு என்ன?" என்று கேட்டால், "நீ நிக்கிற மண்ணெல்லே," என்பார்.

அதில் ஒரு கதை அவருக்கு மிகப் பிடித்தது. ஊரின் பழைய குடும்பத்து ஆள் ஒருவர் கூட்டத்தில் எழும்பி, இந்த ஊரின் சீரழிவுக்கெல்லாம் வெளியாட்கள்தான் காரணம் என்று குறைப்பட்டாராம். யார் வெளியாட்கள் என்று கேட்டால், ரயிலோடு வந்தவர்களாம். அதாவது பக்கத்துக் கதிரையில் இருந்த, அந்த ஊரிலேயே பிறந்து வயதுபோன மனிசர்கள். அவர்களின் பேரன் பேத்தியும் அவருக்கு இன்னும் வந்தான் வரத்தான்தான். "ரயிலில வந்தவைக்கே இன்னும் இந்தக் கதையெண்டால், பிளேனில வந்த எங்களுக்குக் கனகாலம் எடுக்கும்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஊருக்குள் எடுபட வேண்டும் என்ற ஆசை அவருக்குள் இருந்தது எனக்கு அப்போதே விளங்கியது.

பிறகு மணி அடிக்கப் போனார்.

அந்தக் கல்லுக் கோயிலின் கோபுரத்தில் ஆறு மணிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கயிறாக, முறை வைத்து அடிப்பார்கள். அவர்களுக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நெட்டை உடம்பு, ஆண்களின் சப்பாத்து, இடி விழுந்தாற்போல ஒரு குரல். ஒரு ஆள் குறைகிறது என்று மண்டபத்தில் இவரைப் பிடித்தார். கயிறு இழுக்கிற வேலைதானே, நாங்கள் கரைவலை இழுத்த சாதி என்று இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். முதல் நாளே பலத்தையெல்லாம் போட்டு இழுத்ததில் மணி சுழன்று, கயிறு இவரை மேலே தூக்கிக்கொண்டு போய் நிலத்தில் குத்திவிட்டது. முழங்கை வீங்கி வந்தார். இழுக்கக் கூடாதாம், மணி போகிற போக்கில் விட்டு, திரும்பி வரும்போது பிடிக்க வேண்டுமாம்.

"வலை எண்டு நினைச்சியளோ? அது வெள்ளைக்காரன்ர மணி," என்று எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னேன்.

எனக்கு வேறு கோபமும் இருந்தது. நாங்கள் கத்தோலிக்கர். அது வெள்ளைக்காரரின் இங்கிலாந்துச் சபைக் கோயில். எங்கள் அப்பா இருந்திருந்தால் வழிதவறிய பதிதரின் கோயில் என்று வாசலிலும் மிதிக்க விட்டிருக்க மாட்டார். இவர் காலையில் அங்கே மணி அடித்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக எங்கள் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருப்பார். "ஆண்டவருக்கு ரண்டு பக்கமும் கணக்கு வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன். பிறகு ஒருநாள், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார். எங்கள் கோயில் மணியைக் கடைசியாகக் கேட்டது, ஊரை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அன்றைக்கு. அதற்குப் பிறகு எந்த நாட்டிலும் ஒரு மணிச் சத்தம் தன்னைக் கூப்பிட்டதாகத் தோன்றவில்லை. இங்கேதான் தோன்றியது. அதன் பிறகு நான் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் சொந்த ஊர் மன்னாருக்குத் தெற்கே, கடல் பார்த்த கிராமம். சண்டைக் காலத்தில் சனமெல்லாம் ஓடிய பிறகு அங்கே படை முகாம் வந்தது. கனகாலம் யாரையும் உள்ளே விடவில்லை. இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், கலியாணம் கட்டாதவ. தாயைப்போல இவரை வளர்த்தவ. அவ காட்டோரத்தில் தகரக் கொட்டிலில் இருந்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் தன் காணியில் போய் இருக்கிற அளவுக்கு வென்றுவிட்டா. கோயிலுக்குப் பின்னாலிருந்த சேமக்காலையையும் துப்புரவாக்கினா. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்றுதான் சொல்வோம். சாமான் பத்திரப்படுத்தி வைக்கிறதுபோல ஆட்களை வைக்கிற இடம்.

ஊர் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நாங்கள் போனோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு. போகிற வழியெல்லாம் இவர் குழந்தைப்பிள்ளை மாதிரி யன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஆனால் போய் இறங்கிய பிறகு அவருக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. தெரிந்த மரமில்லை, தெரிந்த மனிசர் அரைவாசி இல்லை. இளம் பிள்ளைகள் இவரை லண்டன் மாமா என்று கூப்பிட்டுத் தள்ளி நின்றார்கள். வெக்கையில் உடம்பெல்லாம் கொப்பளம். சின்ன வயதிலிருந்தே அவருக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாது, மீன் வாடியில் நிழல் பார்த்து ஒதுங்குகிற பிள்ளை என்று மச்சாள் சொன்னா. வந்த மறுநாளே அவ எங்களைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போய், தாய் தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்த மணலைக் காட்டினா. சுற்றி வெள்ளைக் கல் அடுக்கியிருந்தா.

"இது உனக்கு விட்டது. ஆரையும் வைக்க நான் விடேல்லை," என்றா. இவர் தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன், சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு இருந்தவர், ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னார்.

"அக்கா, உங்கட ஊரில வெயில் முந்தியை விடக் கூடிப்போச்சு."

மச்சாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தா. கை அப்படியே நின்றது. "உங்கட ஊரோ?" என்று திரும்பிப் பார்த்தா. "அப்ப உனக்கு எது தம்பி ஊர்?"

எல்லாரும் சிரித்தோம். இவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மச்சாளும் சிரித்தாதான். எங்கள் தமிழில் 'எங்கட'வுக்கும் 'உங்கட'வுக்கும் நடுவில் இருக்கிற தூரம் கடல் தாண்டிப் போனவனுக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். கரையில் நின்றவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவ தன் தட்டில் போட்ட மீனைத் தொடவில்லை.

திரும்பி வந்த அன்று, குளத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆசிரியை குடையோடு கோயில் படலையைப் பூட்டிக்கொண்டு நின்றவர், இவரைக் கண்டதும், ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டாயா, ஆள் இல்லாமல் தவிக்கிறோம் என்று வீதிக்கு இந்தப் பக்கம் கேட்கக் கத்தினார். இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா. ஊருக்கு வந்தாச்சு."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "மச்சாள் கேட்டிருக்கோணும் இதை," என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை. ஈரலில் வந்த நோய். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. மண்டபத்துக்கும் மணிக்கும் போவது நின்றது. முன்னறையில் கட்டிலைப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பார். யாரோ ஒருவர் பிந்தி அடித்தால் முகத்தைச் சுளிப்பார். ஆசிரியை சூப் கொண்டுவருவார், உப்பே இருக்காது, இவர் முழுவதும் குடிப்பார். நான் வைத்த இரசத்தைக் குடிக்காத மனிசன்.

ஒரு பின்னேரம் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இஞ்சேரும், என்னை ஊரிலதான் தாட்டுப்போடோணும். வேற ஒரு இடமும் வேண்டாம்."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம். சாவைப் பற்றிக் கதைக்கிறாரே என்ற கோபம். "சும்மா அலட்டாமல் படுங்கோ," என்று சொல்லிவிட்டு மருந்தைக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு மருந்து மயக்கத்தில் அவர் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. கிழமை முடிவதற்குள் போய்விட்டார்.

சொந்தமெல்லாம் வந்து வீடு நிறைந்தது. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். சொன்னேன். ஊரில் அடக்கம் செய்யச் சொன்னார் என்று நான் வாய் திறந்து முடிப்பதற்குள், ரெய்னர்ஸ் லேன் தம்பி உடலை மன்னாருக்கு அனுப்புகிற ஏற்பாட்டைப் பற்றி யாருக்கோ தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டான். அவனில் பிழையில்லை. தமிழன் ஒருவன் சாகும்போது ஊர் என்று சொன்னால் உலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு மட்டும் வந்தது. இந்த மனிசன் ஊருக்குப் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் பாணோடு திரும்பி வந்தவரல்லவா. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பிழையான ஊரில் கொண்டுபோய் வைத்துவிட்டால் திருப்பி எடுத்து வைக்க முடியுமா? அந்தப் பயத்தில் அழுகை கூட வரவில்லை.

மகள்தான் பின்னால் வந்தாள். "Amma, which ஊர்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் அதே யோசனை. இருவரும் அங்கிருந்தே பின்கதவால் வெளியே போய், ஆசிரியையின் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

அவர் எங்களை இருத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். நோய் என்று தெரிந்த பிறகு இவர் அவரிடம் போய், இந்தக் கோயில் வளவில் தனக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இந்தக் கோயிலின் பங்கு எல்லைக்குள் வசித்தவர் யாரானாலும், எந்தச் சபை ஆனாலும், உரிமை உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் பெட்டி வைக்கிற இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. மதிலோரமாகச் சாம்பல் புதைக்கிற சின்ன இடங்கள்தான் மிச்சம். அதைக் கேட்டு இவர், எங்கள் சனம் எரிப்பதில்லை, என் மனிசி கத்துவா என்று சொல்லிச் சிரித்தாராம்.

"அதுக்குப் பிறகு கேக்கேல்லையோ?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். கேட்கவில்லை, ஆனால் போகும்போது மதிலோரம் போய்ப் பார்த்துவிட்டுப் போனார் என்றார் ஆசிரியை.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியது போதாது. மச்சாளுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கல் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிற மனிசிக்கு, உன் தம்பியை இங்கே வைக்கப் போகிறேன், அதுவும் எரித்து வைக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? எங்களுக்கு எரிப்பது பழக்கமில்லை. திருச்சபை இப்போது விடுகிறது, சாம்பலை ஆசீர்வதித்த மண்ணில் வைத்தால் பாவமில்லை என்று பூசை வைக்கிற எங்கள் சுவாமி சொல்லிவிட்டார். சட்டம் விட்டால் மனம் விடுமா? எனக்கே விடவில்லை. அந்த உடம்புக்கு நெருப்பு வைப்பதா?

தொலைபேசி எடுத்தேன். முதலில் மச்சாள் அழுதா, நான் அழுதேன். பெட்டி எப்போது வரும், சுவாமிக்குச் சொல்லிவிட்டேன், பந்தல் போட ஆள் பிடித்துவிட்டேன் என்று அவ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனா. நான் இடையில் புகுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இங்கே குளத்தடியை ஊர் என்று சொன்னது, மணி அடித்தது, மதிலோரம் போய் நின்று பார்த்தது. மறுபக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மச்சாள், நிக்கிறியளோ?"

"நிக்கிறன். நீ சொல்லத் தேவையில்லை பிள்ளை. அவன் அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டான்."

"என்ன சொன்னவர்?"

"உங்கட ஊர் எண்டு சொன்னவனெல்லே. நீங்களெல்லாரும் சிரிச்சீங்கள். நான் அண்டைக்கு ராவே அந்தக் கல்லெல்லாத்தையும் எடுத்துப்போடுவம் எண்டுதான் நினைச்சனான். பேந்து மனம் கேக்கேல்லை. நீ உங்கட ஊரிலயே வை."

அந்த 'உங்கட'வை அவ சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இனி மற்றதையும் சொல்ல வேண்டும். "மச்சாள், இஞ்ச பெட்டி வைக்க இடமில்லை. எரிச்சுத்தான் வைக்கோணும்."

ஏசுவா என்று காத்திருந்தேன். எரிக்கிறதுக்கு நாங்கள் என்ன சைவக்காரரோ என்று கேட்பா என்று பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவ அதைக் கேட்கவில்லை. தனக்குள்ளே சொல்லுகிறமாதிரி ஒன்றே ஒன்றுதான் சொன்னா.

"அவனுக்குச் சின்னனில இருந்தே சூடு ஏலாதேயடி."

பிறகு தொலைபேசியை வைத்துவிட்டா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பேசும். அவ கோயிலுக்குப் போட்டா, அவ படுத்திட்டா என்று சொல்லும்.

சொந்தத்தில் அரைவாசிப் பேர் வரவில்லை. வந்தவர்களும், எரியூட்டுகிற மண்டபத்தில் பெட்டியைத் திரை மூடுகிற நேரம் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை, கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றேன். மச்சாள் சொன்னது ஒன்றுதான் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் கை ஐஸாக இருந்தது.

சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, எங்கள் கடற்கரைக் குறுமணல் மாதிரி இருந்தது. கனமாகவும் இருந்தது. மதிலோரம் ஒரு முழத்துக்கு வெட்டிய குழி. அவ்வளவு உயரமான மனிசனுக்கு அவ்வளவு சின்னக் குழி. எங்கள் சுவாமி தமிழில் செபம் சொன்னார், அந்தக் கோயிலின் பெண் குருவானவர் இங்கிலீசில் சொன்னார். ரயிலில் வந்தவர்களைப் பொறுக்க மாட்டாத அந்தப் பழைய குடும்பத்துக் கிழவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். கோபுரத்தில் மணி அடித்தார்கள். யாராவது செத்தால் மணி நாக்கின் ஒரு பக்கத்துக்குத் தோலுறை கட்டுவார்களாம். ஒரு அடி முழுச் சத்தமாக விழும், அடுத்த அடி எங்கேயோ தூரத்தில் விழுகிறமாதிரி மங்கிக் கேட்கும். அடித்தவர்கள் ஐந்து பேர்தான். ஆறாவது கயிற்றை யாரும் தொடவில்லை. அந்த இடம் வரும்போது ஒரு வெறுமை விழும், நான் அதைக் கேட்டுக் கேட்டு அழுதேன்.

அந்தக் குழியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பி நடந்தேன். எனக்கு நெருப்பென்றால் இன்றைக்கும் பயம். ஆனாலும் வேறு எங்கே போகிறது? எனக்கு ஊரே இல்லாத இடத்தில் கொண்டுவந்து நட்டுவிட்டு, தான் வேர் விட்டுப் படுத்துவிட்டாரே என்று சில நாள் கல்லுக்கு முன்னால் நின்று ஏசுவேன். ஏசிவிட்டு, பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

போன நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊரில் அன்றைக்குச் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி எரியும். அங்கே பொழுது படுகிற நேரமென்று நான் மத்தியானமே கோயில் வளவுக்குப் போனேன். காற்றுக்கு அணையாமல் ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தலுக்குள் திரியை வைத்துக் கொளுத்தினேன். எங்கள் வழக்கத்தில் பக்கத்துக் கல்லறையை இருட்டாக விடக் கூடாது. யாரென்று தெரியாத இரண்டு வெள்ளைக்காரருக்கும் கொளுத்தினேன். விரல் விறைத்துத் தீக்குச்சி பிடிக்க முடியவில்லை. அந்த முறை பனி முந்திவிட்டது, மதில் நிழலில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

அப்போது பைக்குள் தொலைபேசி அடித்தது. மன்னார் இலக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்து எடுத்தேன்.

"எங்க நிக்கிறாய்?" மச்சாளின் குரல்.

"அவருக்குப் பக்கத்திலதான் நிக்கிறன் மச்சாள். திரி கொளுத்திறன்."

"நானும் சேமக்காலையிலதான். அவன்ர இடத்தில வெறும் மணலிலதான் கொளுத்தினனான்." அவவின் பின்னால் கடற்காற்று இரைந்தது, சனம் செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்டது. எதையோ கேட்க நினைத்து, கேட்காமல் நிற்கிறா என்று தெரிந்தது.

"பிள்ளை, அங்க இப்ப குளிரோ?"

"ஓம் மச்சாள். நல்ல குளிர். நிலமெல்லாம் உறைஞ்சுபோய்க் கிடக்கு."

மச்சாள் நீளமாக மூச்சு விட்டா.

"காணும்," என்றா. "அப்ப அவனுக்கு அது காணும்."